பனியும் புகையும்

மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்க சாஸ்திரத்தின் நுட்பங்களை உபதேசிக்கும் பகுதியை, கதைச் சுவையை நாடிப் படிக்கிற நம்மில் பலர் ஏடுகளைப் புரட்டிக்கொண்டே கடந்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்து வந்தேன். ஆனால் சரியான காரணம் போலத் தோன்றி நம்மை ஏமாற்றுகிற போலிக் காரணங்களை அடிகள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி வரும் அவ்விடத்தில், தொலைவிலே எழுவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமல் இருக்கும்போதே, அதைப் புகைதான் என்று கொண்டு, புகை இருப்பதால் நெருப்பும் உண்டு என்று துணிந்துவிடுகிறவனுடைய பிழை ஒன்று சொல்லப்படுகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்ற விதியில் குற்றம் ஒன்றும் இல்லை. கண்டது புகைதானா என்று கேளாமல் விட்டதிலேதான் குற்றம் இருக்கிறது.

இந்தப் பழைய எச்சரிக்கை, இன்றைய பௌதிக விஞ்ஞானத்தின் மிகச் சூட்சுமமான துறை ஒன்றுக்கு அப்படியே பொருந்துகிறது. திடம், திரவம், வாயு என்று பள்ளியில் நாம் படித்த மூன்று நிலைகளோடு பதார்த்தத்தின் கதை முடிந்துவிடவில்லை. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஹாலந்து தேசத்து லைடன் நகரில், காமர்லிங் ஆன்னெஸ் என்பவர் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிரச் செய்தபோது, 4.2 கெல்வின் உஷ்ணத்தை அண்டியதும் அதன் மின்தடை திடீரென்று மறைந்து போயிற்று. 1938இல், மாஸ்கோவில் கபிட்சாவும் கேம்பிரிட்ஜில் ஆலனும் மிஸ்னரும், திரவ ஹீலியம் 2.2 கெல்வினுக்குக் கீழே எந்த உராய்வும் இன்றி நுண்ணிய இடுக்குகளினூடே ஓடுவதைக் கண்டார்கள். முன்னதை மீக்கடத்தி என்றும் பின்னதை மீப்பாய்மம் என்றும் சொல்கிறோம். அணுக்களும் எலெக்ட்ரான்களும் தத்தம் தனித்தன்மையை இழந்து, கோடிக்கணக்கில் ஒரே உருவமாக இயங்கத் தொடங்கும்போது பிறக்கிற இத்தகைய நிலைகளைக் குவாண்டம் நிலைகள் என்று பௌதிக நூலார் குறிப்பிடுகிறார்கள்.

இவற்றை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. கண்ணுக்குப் புலப்படுவது வரைபடத்தில் ஒரு கோட்டின் வளைவு, ஒரு கருவிமுள்ளின் சாய்வு, ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவான வேறுபாடு ஆகியவையே. இப்படி ஒரு நிலை இருக்குமானால் இன்ன கருவியில் இன்ன மாறுதல் தெரியும் என்று சித்தாந்தி முதலில் கணக்கிட்டுச் சொல்கிறார். பரிசோதனை செய்கிறவர் பல ஆண்டுகள் பாடுபட்டு அந்த மாறுதலைக் காண்கிறார். கண்ட மாத்திரத்தில் நெருப்பைக் கண்டுவிட்டதாகவே உலகம் ஆரவாரம் செய்கிறது. அதே மாறுதலை வேறு சாதாரணக் காரணம் ஏதேனும் உண்டாக்கியிருக்கக் கூடுமா என்ற கேள்வியோ, ஆரவாரம் அடங்கிய பிறகே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. விஞ்ஞானத்துக்கு இன்று அவசரமாக வேண்டியிருப்பது மேலும் சில கண்டுபிடிப்புகள் அல்ல, கண்டதைத் தானே சந்தேகிக்கும் வைராக்கியமும், அந்த வைராக்கியத்தை மதித்துப் போற்றும் ஒரு சமூகமுமே என்பது என் அபிப்பிராயம். அதற்கு ஆதாரமாக நான் எடுத்துக்கொள்வது திட ஹீலியத்தின் கதை.

ஹீலியம் ஒரு விசித்திரமான பொருள். மற்றெல்லாப் பொருள்களும் குளிரக் குளிர உறைந்து கல்லாகும்போது, இது மட்டும் முற்றிலும் குளிர்ந்த தனிப்பூச்சிய உஷ்ணத்திலும் உறைய மறுக்கிறது. அதன் இலேசான அணுக்கள் அங்கேயும் ஓய்வு கொள்ளாமல் துடித்துக்கொண்டிருப்பதே காரணம். 25 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் நசுக்கினால்தான் அது திடமாகிறது. அப்படித் திடமான பிறகும், ஒழுங்கான படிகமாக நின்றுகொண்டே அதே சமயத்தில் உராய்வின்றி ஓடவும் அது வல்லதாக இருக்கலாம் என்று, 1969இல் ஆண்ட்ரேயெவும் லிஃப்ஷிட்ஸும் சோவியத் நாட்டிலிருந்து எழுதினார்கள். கல்லாகவும் ஓடும் நீராகவும் ஒருங்கே இருக்கிற ஒரு பொருள்! இதை மீத்திண்மம் என்று சொல்லலாம். மறு ஆண்டில், அந்தோணி லெகெட் என்னும் ஆங்கில விஞ்ஞானி, இதை எப்படிப் பரீட்சித்து அறிவது என்பதற்கும் வழி சொன்னார்: அந்தத் திடத்தைச் சுழற்றிப் பாருங்கள் என்றார்.

சுழற்றிப் பார்ப்பதன் தத்துவத்தை நம் வீட்டு முற்றத்திலேயே கண்டுகொள்ளலாம். ஒரு செம்பில் உறைந்த நெய்யை நிரப்பிக் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றை முறுக்கி விட்டால், செம்போடு நெய்யும் சேர்ந்து இப்படியும் அப்படியும் திரும்பும். அதே செம்பில் தண்ணீர் இருக்குமானால், செம்பு திரும்பும்போது உள்ளேயிருக்கும் நீரின் பெரும்பகுதி திரும்பாமல் பின்தங்கி நிற்கும். கயிறு திருப்ப வேண்டிய பாரம் குறைந்துவிடுவதால் செம்பின் ஆட்டம் சற்று விரைவாகும். ஆகவே செம்புக்குள் எட்டிப் பாராமலே, ஆட்டத்தின் காலத்தை மட்டும் அளந்து, உள்ளே இருப்பதில் எவ்வளவு உடன் வருகிறது, எவ்வளவு பின்தங்குகிறது என்று சொல்லிவிட முடியும். பௌதிகச் சாலைகளில் இதற்கு முறுக்கு ஊசல் என்று பெயர்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மோசஸ் சான் என்ற பேராசிரியரும், அவரிடம் பயின்ற கொரிய நாட்டு மாணவரான யூன்சியோங் கிம்மும், இந்தச் செம்பின் ஸ்தானத்தில் ஒரு சிறு உலோகக் கலத்தை வைத்தார்கள். வைக்கோர் என்று பெயர் பெற்ற, மயிரிழையினும் பல்லாயிரம் மடங்கு நுண்ணிய துளைகள் நிறைந்த கண்ணாடி வில்லை ஒன்றை அதனுள் பொருத்தி, ஹீலியத்தை நிரப்பி, 62 வளிமண்டல அளவு நசுக்கி உறையச் செய்து, விநாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை ஆடவிட்டார்கள். உஷ்ணம் 0.175 கெல்வினுக்குக் கீழே இறங்கியபோது, ஆட்டத்தின் காலம் சில நானோ விநாடிகள் குறைந்தது. திடமாக உறைந்து கிடந்த ஹீலியத்தின் ஒரு சிறு பகுதி, கலத்தோடு திரும்ப மறுத்துவிட்டதுபோல் தோன்றிற்று. லெகெட் சொன்ன அடையாளம் இதுவே அல்லவா?

அவர்கள் அவசரக்காரர்கள் அல்லர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 2004 ஜனவரியில் நேச்சர் பத்திரிகையில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே, 'இருக்கக்கூடும்' என்ற பொருள் தரும் ஒரு சொல்லை முன்வைத்தார்கள். ஹீலியத்தின் இலேசான சகோதரனான ஹீலியம்-3ஐ, அது குவாண்டம் இயல்பில் வேறுபட்டதாதலால் இந்த விளைவைக் காட்டக் கூடாது என்று எண்ணி, அதே கலத்தில் நிரப்பிப் பார்த்தார்கள், விளைவு தெரியவில்லை. அதே ஆண்டில், துளைக் கண்ணாடி இல்லாமல் வளைய வடிவான வெளியில் ஹீலியத்தை உறைய வைத்துப் பார்த்தபோதும் விளைவு தெரிந்தது. அந்த வளையத்தின் குறுக்கே ஒரு தடுப்பை வைத்து ஓட்டத்தை மறித்தபோது விளைவு பெருமளவு குறைந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வேறு பரிசோதனைச் சாலைகளும் அதே காலக் குறைவைக் கண்டன. ஒரு சாட்சி போதாது என்றால் பல சாட்சிகள் கிடைத்துவிட்டன. முப்பத்தைந்து ஆண்டுத் தேடல் முடிந்துவிட்டதென்று பலரும் நம்பினார்கள்.

ஆனால் சாட்சிகளின் எண்ணிக்கை வேறு, சாட்சியத்தின் பொருள் வேறு. பலர் ஒரே மலையில் ஒரே வெண்படலத்தைக் கண்டார்கள் என்பதால் அது புகை என்று ஆகிவிடாது. பனியையும் பலர் பார்க்கலாம். சானுக்கே குருவாக இருந்த கார்னெல் பல்கலைக்கழகத்து ஜான் ரெப்பியும் அவருடைய மாணவர் ரிட்னரும், உறைந்த ஹீலியத்தை மெல்லச் சூடாக்கி ஆறவிட்டுப் படிகத்தின் குறைகளைப் போக்கினால், விளைவே மறைந்துபோவதை 2006இல் கண்டார்கள். மீத்திண்மம் ஹீலியத்தின் சுபாவம் என்றால், படிகம் செம்மையாகச் செம்மையாக அது வளர வேண்டுமேயன்றித் தேய்ந்து மறையலாகாது. சந்தேகத்தின் முதல் விதை அங்கே விழுந்தது.

அடுத்த ஆண்டில், கனடா நாட்டு ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டேயும் ஜான் பீமிஷும், ஹீலியத்தைச் சுழற்றாமல், அதன் விறைப்பை மட்டும் அளந்தார்கள். சான் கண்ட அதே உஷ்ணத்தில், அதே விதமாக, திட ஹீலியம் திடீரென்று விறைத்துக்கொள்வதைக் கண்டார்கள். காரணமும் புலனாயிற்று. எந்தப் படிகமும் முற்றிலும் ஒழுங்காக அமைவதில்லை. அதன் அணுவரிசைகளில் ஆங்காங்கே கோணல்கள் விழுந்திருக்கும். சற்று உஷ்ணமான நிலையில் அந்தக் கோணல் வரிகள் இஷ்டம்போல் நகர்வதால் படிகம் நெகிழ்ந்து கொடுக்கிறது. குளிர் மிகும்போதோ, பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாக அதில் கலந்திருக்கும் ஹீலியம்-3 அணுக்கள் அவ்வரிகளின் மேல் சென்று ஒட்டிக்கொண்டு, ஆணி அடித்தாற்போல் அவற்றை நிறுத்திவிடுகின்றன, படிகம் விறைக்கிறது. விறைத்த பொருள் நிறைந்த கலம், ஓட்டம் ஏதும் இல்லாமலே, சற்று விரைவாக ஆடும்.

மயிர்க்கூச்செறிய வைக்கிற விஷயம் இதுதான்: காலம் குறைந்தது உண்மை, அளவையில் பிழை இல்லை, திரும்பச் செய்தவர்களும் அதையே கண்டார்கள், ஆயினும் கண்டது புகை அல்ல. ஓடுவதால் குறைந்ததாகக் கருதப்பட்ட காலம், விறைத்ததால் குறைந்திருக்கக் கூடும். ஓட்டத்துக்கும் விறைப்புக்கும் ஊசலில் ஒரே அடையாளம் இருந்தது.

இந்த இடத்தில் சான் செய்த காரியம்தான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. தமது முதற்கலத்தில் கண்ணாடி வில்லையைச் சுற்றிச் சிறிது இடைவெளி தவிர்க்க முடியாமல் அமைந்திருந்ததையும், அந்த இடைவெளியில் உறைந்த ஹீலியம் விறைத்ததாலேயே தாம் கண்ட விளைவு நேர்ந்திருக்கலாம் என்பதையும் அவர் மறைக்க முயலவில்லை. டுக் யங் கிம் என்ற மற்றொரு மாணவரோடு சேர்ந்து, துளைக் கண்ணாடிக்கு வெளியே ஹீலியத்துக்கு இடமே இல்லாத புதிய கலம் ஒன்றை அமைத்து, விறைப்பின் குறுக்கீடு எவ்விதத்திலும் நுழைய முடியாதபடி பரிசோதனையை மறுபடி செய்தார். காலம் குறையவில்லை. 2012இல், தாம் கண்டதாக எட்டு ஆண்டுகளுக்கு முன் உலகுக்கு அறிவித்த அந்த நிலை, அந்தத் துளைக் கண்ணாடியில் இல்லை என்பதைத் தம் கையாலேயே எழுதித் தம் பெயராலேயே வெளியிட்டார். எந்த நீதிமன்றமும் அவரை வற்புறுத்தவில்லை. எவரும் அவர்மேல் குற்றம் சாட்டவும் இல்லை. தமது புகழுக்கு மூலமாக இருந்த ஓர் அஸ்திவாரத்தைத் தாமே தோண்டிப் பார்த்து, அடியில் கல் இல்லை என்று அறிவிப்பதற்கு வேண்டிய மனவலிமை, கண்டுபிடிப்பதற்கு வேண்டிய புத்திகூர்மையைவிட அரிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதனால் எட்டு ஆண்டுகள் வீணாயின என்று சிலர் சொல்லக்கூடும். வீணாகவில்லை. ஹீலியப் படிகம் ஏன் நெகிழ்கிறது, எப்படி விறைக்கிறது என்று தேடிப் போனவர்கள், தகுந்த தூய்மையும் குளிரும் அமைந்தால் அந்தப் படிகம் ஒரு திசையில் ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் வளைந்து கொடுக்கிறது என்ற வேறோர் அதிசயத்தைக் கண்டுகொண்டார்கள். பனியைப் பனி என்று அறிந்தவனுக்கு அந்த மலையின் சீதோஷ்ணமாவது விளங்குகிறது. பனியைப் புகை என்று பிடிவாதம் செய்தவனுக்கு மலையும் விளங்குவதில்லை, நெருப்பும் கிடைப்பதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1971ஆம் ஆண்டின் இறுதியில், கார்னெலில் மாணவராக இருந்த டக்ளஸ் ஆஷெராஃப், ஹீலியம்-3ஐத் தனிப்பூச்சியத்துக்கு மேலே ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு கெல்வின் வரை குளிர்வித்தபோது, அழுத்தத்தைக் காட்டும் கோட்டில் மிகச் சிறிய முறிவுகளைக் கண்டார். கலத்திலே திடமும் திரவமும் கலந்திருந்தன. முறிவு திடத்தில் நேர்ந்த மாறுதல் என்று கருதி, அவரும் அவருடைய ஆசிரியர்களான லீயும் ரிச்சர்ட்சனும் திட ஹீலியத்தின் புதிய நிலை என்றே முதற்கட்டுரைக்குத் தலைப்பிட்டார்கள். அதோடு நின்றிருந்தால் தவறு நிலைத்திருக்கும். அணுக்கருக்களின் காந்தக் குறிப்பைக் கலத்தின் ஒவ்வோர் அடுக்காகப் பிரித்துப் பார்த்து, மாறுதல் திடத்தில் அன்று, திரவத்திலேயே நிகழ்கிறது என்று 1972இலேயே தம்மைத் தாமே திருத்திக்கொண்டார்கள். ஹீலியம்-3 மீப்பாய்மமாவதை அவர்கள் கண்டிருந்தார்கள். 1996இல் நோபல் பரிசும் பெற்றார்கள். சான் இல்லாததை இல்லை என்றார். இவர்கள் இருப்பதை அதன் சரியான இடத்தில் காட்டினார்கள். இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள்.

அந்தக் குணம் தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கும் உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1937இல் இத்தாலிய மேதை எட்டோரே மயோரானா, தனக்குத் தானே எதிர்த்துகளாகவும் விளங்கும் ஒருவகைத் துகளைக் கணிதத்தால் கற்பனை செய்தார். மறு ஆண்டில் கப்பலில் பயணம் செய்தவர் காணாமலே போனார். அவர் கற்பித்த துகளின் சாயலை மெல்லிய குறைக்கடத்தி இழைகளின் நுனியில் உண்டாக்க முடிந்தால், பிழைபடாத குவாண்டம் கணினிகளை அமைக்கலாம் என்ற ஆசை இந்த நூற்றாண்டில் பிறந்தது. அந்தச் சாயல் இருக்குமானால் மின்கடத்தல் ஒரு குறிப்பிட்ட நிலையான அளவில் வந்து சமதளமாக நிற்க வேண்டும். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், அந்தச் சமதளத்தைக் கண்டதாக 2018இல் நேச்சரில் எழுதினார்கள். அதே சாலையில் முன்பு பணியாற்றிய செர்கே ஃப்ரோலோவும் வின்சென்ட் மவுரிக்கும், வெளியிடப்படாத மூல அளவைகளைக் கேட்டுப் பெற்றுப் பார்த்தபோது, படத்தில் காட்டிய எல்லைக்கு அப்பால் கோடு அந்தச் சமதளத்தைத் தாண்டி மேலே ஏறிச் செல்வது தெரியவந்தது. 2021 மார்ச்சில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. விசாரித்த நிபுணர்கள், வேண்டுமென்று செய்த மோசடிக்குச் சான்று காணவில்லை. ஆசிரியர்கள் அந்நேரத்து உற்சாகத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள் என்பதே பொருத்தமான விளக்கம் என்றார்கள்.

மோசடிக்காரனைப் பிடித்துத் தண்டித்துவிடலாம், அவன் ஒருவன். உற்சாகத்தை யார் பிடிப்பது? தேடியது கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி, கிடைத்ததில் தேடியதற்கு ஒவ்வாத பகுதியைக் கண்ணிலிருந்து மெல்ல மறைத்துவிடுகிறது. 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், இதே மயோரானா வழியில் அமைந்த கணினிச் சில்லு ஒன்றைப் பேராரவாரத்தோடு அறிவித்தபோது, அதனுடன் வெளிவந்த நேச்சர் கட்டுரைக்கு ஆசிரியர் குழு இணைத்திருந்த குறிப்பிலோ, அந்தக் கருவிகளில் மயோரானா நிலைகள் இருப்பதற்கு இம்முடிவுகள் சான்று ஆகா என்று எழுதப்பட்டிருந்தது. அறிவிப்பை உலகப் பத்திரிகைகள் தலைப்பில் இட்டன. குறிப்பைத் தேடிப் படித்தவர்கள் எத்தனை பேர்?

2023ஆம் ஆண்டுக் கோடையில் கைப்பேசி வைத்திருந்தோர் பலரும் பார்த்த ஒரு சலனப்படம் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். தென்கொரியாவில் ஈயமும் செம்பும் பாஸ்பரமும் கலந்து செய்த எல்கே-99 என்னும் கருங்கல் துணுக்கு ஒன்று, சாதாரண அறை உஷ்ணத்திலேயே மீக்கடத்தியாகி, காந்தத்தின் மேல் பாதி எழும்பி நின்றதாகச் சொன்னார்கள். புது டெல்லியில் உள்ள தேசியப் பௌதிகச் சாலையும் அதைச் செய்து பார்த்தது, மீக்கடத்தல் தென்படவில்லை. ஏறத்தாழ 104 டிகிரி செல்சியஸில் மின்தடை திடீரென்று குறைந்தது, கலந்திருந்த செம்புக் கந்தகம் என்ற அழுக்கு அந்த உஷ்ணத்தில் தன் அமைப்பை மாற்றிக்கொள்வதால்தான் என்று சில வாரங்களிலேயே விளங்கிவிட்டது. தூய படிகமாக வளர்த்துப் பார்த்தவர்களுக்கு அது மின்சாரத்தையே கடத்தாத பொருளாகக் காட்சியளித்தது. ஆவி அடங்கியது, ஆனால் எழுந்தபோது இருந்த கூட்டம் அடங்கியபோது இல்லை.

இவையெல்லாம் தூர தேசத்துச் சமாசாரங்கள் என்று நாம் இருந்துவிட இயலாது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. பாஸ்கரன், சப்தரிஷி மண்டல், ஆர். சங்கர் ஆகிய மூவர் 2007இல் வெளியிட்ட கணக்கு, காந்தச் சுழல்கள் எவ்வளவு குளிர்ந்தாலும் வரிசைப்படாமல் திரவம்போல் அலைந்துகொண்டேயிருக்கும் ஒரு குவாண்டம் நிலையில், சுழல் தன் பகுதிகளாகப் பிளவுபட்டு நிற்பதைச் சந்தேகமறக் காட்டிற்று. அந்த நிலையை ருத்தேனியம் குளோரைடு என்ற படிகத்தில் கண்டதாக, வெப்பக் கடத்தலின் ஒரு பாதி அளவை அடையாளமாகக் கொண்டு, கியோட்டோ விஞ்ஞானிகள் 2018இல் எழுதினார்கள். வேறு சாலைகளில் வளர்த்த படிகங்களில் அந்தப் பாதி அளவு எப்போதும் தெரிவதில்லை. விவாதம் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. சென்னையில் எழுதிய ஒரு சூத்திரம், ஜப்பானில் ஒரு படிகத்தில் உயிர் பெற்றதா என்ற கேள்விக்கு விடை, அந்தப் பாதி அளவு வேறு எந்தச் சாதாரணக் காரணத்தாலும் நேராது என்று காட்டப்போகிறவர்கள் கையில் இருக்கிறது.

நமது மத்திய அரசு 2023 ஏப்ரலில் அங்கீகரித்த தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு, எட்டு ஆண்டுகளுக்காக ரூ. 6003.65 கோடி ஒதுக்கப்பட்டிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் குவாண்டம் செய்தித்தொடர்புக்கும், டெல்லி ஐ.ஐ.டி.யில் குவாண்டம் பொருள்களுக்கும் கருவிகளுக்கும் தலைமை மையங்கள் அமைந்துள்ளன. வரவேற்கத்தக்கதே. ஆனால் பணம் ஒதுக்குகிறவர் ஆண்டுதோறும் கேட்பது, 'என்ன புதிதாகக் கண்டீர்கள்?' என்ற கேள்வியாகவே இருந்தால், வெண்படலம் ஒவ்வொன்றும் புகையாகத் தோன்றத் தொடங்கிவிடும். ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை, பிறர் கண்டதாகச் சொன்னதை மறுபடி செய்து பார்ப்பதற்கென்றும், கண்டவரே தமது முடிவைக் குலைத்துப் பார்ப்பதற்கென்றும் தனியே வைக்க வேண்டும். கட்டுரையில் அச்சிட்ட படத்தோடு, அச்சிடாமல் விட்ட அளவைகளையும் பொதுவில் வைப்பது பொதுப்பணம் பெறுகிற எவருக்கும் கட்டாயமாக வேண்டும். 'தேடினேன், இல்லை' என்று நேர்மையாக எழுதிய மாணவனுக்கு, 'கண்டேன்' என்று எழுதியவனுக்குக் கிடைக்கும் பட்டமும் பதவியும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும்.

ஏழை நாடு ஒன்று, மற்றவர் செய்ததையே திரும்பச் செய்து பொருளை விரயம் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லாத ஒன்றின் மேல் பத்தாண்டுத் திட்டம் வகுப்பதைக் காட்டிலும் பெரிய விரயம் எது? அளவுக்கு மீறிய சந்தேகம் புதிய எண்ணங்களைக் கருவிலேயே கொன்றுவிடாதா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லா ஐயமும் தீர்ந்த பிறகே பேச வேண்டும் என்றால் விஞ்ஞானம் ஊமையாகிவிடும். சான் 2004இல் பேசாமல் இருந்திருந்தால் ஹீலியத்தின் விறைப்பை ஒருவரும் ஆராய்ந்திருக்க மாட்டார்கள். ஆகவே பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசும்போது 'இருக்கக்கூடும்' என்று பேசவும், பேசிய பிறகு அந்தச் சொல்லுக்குக் கடன்பட்டவராக நடந்துகொள்ளவும் வேண்டும் என்கிறேன்.

பத்திரிகைகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. கண்டுபிடிப்பை முதற்பக்கத்தில் அறிவித்துவிட்டு, அது பொய்த்த செய்தியை உள்ளே ஒரு மூலையில்கூட இடாமல் விட்டுவிடுவது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். விஞ்ஞானி தலைப்பிலேயே இட்ட 'இருக்கக்கூடும்' என்ற சொல்லை, இடம் போதாது என்று முதலில் வெட்டுகிறவர்களும் நாமே.

மீத்திண்மம் என்ற நெருப்பு பிறகு எங்கேனும் கிடைத்ததா? கிடைத்தது, ஆனால் வேறொரு மலையில். 2019இல் இத்தாலியின் பீசா-ஃபிளாரன்ஸ் விஞ்ஞானிகளும், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலும் இருந்தவர்களும், டிஸ்புரோசியம் போன்ற காந்த வலிமை மிக்க அணுக்களின் மிகக் குளிர்ந்த வாயுவில், அணுக்கள் வரிசை வரிசையாகத் திரண்டும், அதே சமயத்தில் ஒரே அலையாக இசைந்தும் நிற்பதைக் கண்டார்கள். வரிசையைப் படம் பிடித்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. மீப்பாய்மம் என்றால் அதைக் கலக்கும்போது அதனுள் நுண்ணிய சுழிகள் தோன்றியாக வேண்டுமே என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு, இன்ஸ்ப்ரூக்கில் பிரான்செஸ்கா பெர்லைனோவின் குழுவினர், சுழலும் காந்தப் புலத்தால் அந்தக் குளிர்ந்த வாயுவைக் கிளறி, சுழிகளையும் 2024இல் காட்டினார்கள். விறைப்பினால் ஊசல் விரையலாம். விறைப்பினால் சுழி பிறக்காது.

அந்த மலையில் நெருப்பு எரிகிறது என்று இன்று நாம் நம்புவதற்கு, பழைய மலையில் இருந்தது பனி என்று ஒருவர் நிச்சயமாகச் சொல்லி வைத்ததும் ஒரு காரணம். 2004ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் பணிவோடு நின்ற அந்த ஒற்றைச் சொல், தன்னை எழுதியவராலேயே எட்டு ஆண்டுகள் கழித்துக் காப்பாற்றப்பட்டது.